நூற்றாண்டு மலர்களில் உழவனைத் தேடி

மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலே, மேலூர்ப் பக்கத்து வயல்கள் தொடங்கி மண்டபசாலையின் கரிசல் வரையில், நூறாண்டைக் கடந்துவிட்ட சிற்றூர்ச் சபைகள் பல உள. அவற்றுள் பெரும்பாலானவை தத்தம் விழாவை யொட்டி ஒரு மலர் வெளியிட்டிருக்கின்றன. பேராயரின் ஆசிச் செய்தி, சேகரக் குருவின் வாழ்த்துரை, கடை விளம்பரங்கள், பழைய ஆலயத்தின் மங்கிய நிழற்படம், பணியாற்றிச் சென்ற போதகர்களின் பட்டியல், இவற்றுக்கிடையே 'சபையின் வரலாறு' என்று நான்கைந்து பக்கங்கள். இவற்றோடு அண்மைக் காலத்தில் இன்னொரு வகை நூலும் பெருகி வருகின்றது. அதுவே குடும்ப வரலாறு. சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழும் பேரப்பிள்ளைகள் தங்கள் மூதாதையர் எவர், எவ்வூரில் உழுதனர், எப்போது ஞானஸ்நானம் பெற்றனர் என்று தேடித் தொகுத்து அச்சிடுகின்றனர். இவ்விரு வகை எழுத்தையும் இலக்கியம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆகவே திறனாய்வு செய்வாருமில்லை. எனினும் நம் சபை மக்கள் தம்மைக் குறித்து எழுதிக்கொள்ளும் எழுத்து இதுவொன்றே. ஆதலின் இதனை மதிப்பிட வேண்டிய கடமை இறையியல் மாணவருக்கும் ஆயருக்கும் உண்டென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சபை வரலாற்றுப் பக்கங்களை வாசிக்கும் எவருக்கும் ஒன்று உடனே புலப்படும். தொடக்கம் ஏறத்தாழ எல்லா மலர்களிலும் ஒன்றே. 1834ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிகளான டாட், ஹாய்சிங்டன் இருவரும் மதுரை வந்து சேர்ந்தனர். பின்னர் திண்டுக்கல், திருமங்கலம் முதலிய நிலையங்கள் தோன்றின. திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்குச் சென்றது. இன்ன ஐயர் காலத்தில் நம்மூருக்கு உபதேசியார் வந்தார். இன்ன ஆண்டில் கூரைக் கோயில் ஓட்டுக் கோயிலாயிற்று. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை. இவையெல்லாம் மெய்யே. ஆனால் இவ்வாக்கியங்களில் எழுவாய் யாரென்று நோக்குங்கள். வந்தவரும், தொடங்கினவரும், கட்டினவரும், மாற்றினவரும் வெளியிலிருந்து வந்தவர்களே. அவ்வூரில் ஏர் பிடித்தவனும் நாற்று நட்டவளும் 'மக்கள் ஏற்றுக்கொண்டனர்' என்னும் ஒரே பயனிலைக்குள் அடங்கிவிடுகின்றனர். மலர் வெளியிடுவோர் அவர்களுடைய சொந்தப் பேரப்பிள்ளைகள் என்பதுதான் வியப்பு.

இப்போக்கின் ஊற்றுக்கண் எது? ஜே. எஸ். சாண்ட்லர் எழுதிய மதுரை மிஷனின் எழுபத்தைந்தாண்டு வரலாற்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். சாண்ட்லர் சாமானியரல்லர். நெடுங்காலம் இந்நாட்டில் உழைத்தவர்; 1913இல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணிக்கு முதற் பதிப்பாசிரியராய் அமர்ந்தவர். தமிழ்ச் சொல்லின் நுட்பம் அறிந்தவர் எழுதிய நூல் இது. அதன் தலைப்பே அதன் எல்லையைக் கூறிவிடுகிறது: அது மிஷனின் வரலாறு. ஒரு நிறுவனம் தன்னை ஆதரித்தோருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் முறையில் தன் பிள்ளைகளைக் குறித்து எழுதுவது போன்றது. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று; தான் எடுத்துக்கொண்ட பொருளை அந்நூல் செவ்வனே செய்தது. நம் குறையெல்லாம் அதனைப் பார்த்து எழுதுவோர் மீதே. மிஷன் வரலாற்றைச் சுருக்கி, நடுவே தம் ஊரின் பெயரைச் செருகிவிட்டால் சபை வரலாறு ஆகிவிடும் என்று எண்ணுகின்றனர். மிஷனின் ஆண்டறிக்கைகளில் நிலையந்தோறும் ஊர்கள் எத்தனை, சபைகள் எத்தனை, எழுத்தறிந்தோர் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று கட்டங்கட்டமாக எண்கள் உண்டு. அவ்வெண்களுக்குள் நம் பாட்டனும் பாட்டியும் ஓர் எண்ணாக நிற்கின்றனர். எண்ணிலிருந்து அவர்களை எழுப்புவதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

வேறு நாட்டார் இதனை எவ்விதம் செய்தனர் என்று பார்ப்பது பயன் தரும். வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களில் குத்தகை உழவர் கட்டிய சிற்றாலயங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1588இல் வில்லியம் மார்கன் வேல்ஸ் மொழியில் தந்த வேதாகமமும், ஓய்வுநாட் பள்ளியில் முதியோரும் சிறுவரோடமர்ந்து எழுத்துக் கற்ற வழக்கமும் அவ்வுழவரைச் சமைத்தன. 1800இல் வேதாகமம் ஒன்று வாங்கும்பொருட்டுப் பாலா நகருக்கு நடந்து சென்ற மேரி ஜோன்ஸ் என்னும் பெண்ணின் கதையை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவள் ஓர் ஏழை நெசவாளியின் மகள். அந்நாட்டில் இன்று முன்னோரைத் தேடுவோர் முதலில் இடறுவது பெயரில். தந்தையின் பெயரையே மகன் பின்னொட்டாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் அங்கு நிலவியதால், ஒரே பள்ளத்தாக்கில் பத்து ஜான் ஜோன்ஸ்கள் இருப்பர். பண்ணையின் பெயரைக் கொண்டுதான் இன்னாரென்று பிரித்தறிய இயலும். தலையெழுத்தாகத் தகப்பன் பெயரைச் சுமக்கும் நமக்கு இது புதிதன்று. நம் சபைகளிலும் ஞானமுத்துகளும் வேதமுத்துகளும் சாமுவேல்களும் மலிந்திருக்க, 'கிணற்றடி ஞானமுத்து', 'மேலத்தெரு ஞானமுத்து' என்றல்லவா சொல்லிப் பழகியுள்ளோம்?

ஒப்புமை பெயரோடு முடியவில்லை. 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலக்கிழாருக்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் நாட்டுக் குத்தகையாளர் சிலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1872இல் இரகசிய வாக்குமுறை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவ்வுழவரின் ஆலய வரலாறுகள் இதனை மறைப்பதில்லை, பெருமையுடன் சொல்லுகின்றன. நம் நாட்டிலோ, உபதேசியாரை ஊருக்குள் சேர்த்துக்கொண்டதற்காக வேலை மறுக்கப்பட்டதும், பொதுக் கிணறு அடைக்கப்பட்டதும், களத்தில் கூலி நிறுத்தப்பட்டதும் பாட்டிமாரின் வாய்ச்சொல்லில் உண்டு. மலரிலோ 'பல இன்னல்களுக்கிடையே' என்னும் ஒரு தொடரில் முடிந்துவிடுகிறது. யார் செய்த இன்னல்? எந்தப் பண்ணையில்? எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை? விழாவுக்கு அப்பண்ணையாரின் பேரனைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருப்பதால் எழுதக் கூச்சப்பட்டிருக்கலாம் என்று நாம் சில வேளை ஐயுறுவதுண்டு.

ஆயினும் வேல்ஸ் நாட்டாரோடு நாம் முற்றும் ஒத்தவர் அல்லோம். அவர்களுடைய முன்னோர் குத்தகை உழவரேனும் தமக்கென்று ஏரும் தொழுவமும் உடையவர். மதுரைச் சமவெளியில் சபையில் சேர்ந்தோருட் பலர் பறையரும் பள்ளரும். பிறர் நிலத்திற் பண்ணையாளாய் உழைத்தவர். நாடார், கள்ளர் முதலிய பிற வகுப்பாரும் ஆங்காங்கே சேர்ந்தனர். ஆகவே 'எங்கள் முன்னோர் உழவர்' என்று குடும்ப வரலாறு தொடங்கும்போது திறனாய்வாளர் சற்றே நிற்க வேண்டும். உழுதவர் என்பது உண்மை. எவருடைய நிலத்தை? எந்த உரிமையோடு? ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் தொழில் 'கூலி' என்றிருக்க, அச்சிட்ட நூலில் அது 'விவசாயம்' என்றாகி, அடுத்த பதிப்பில் 'நிலக்கிழார்' என்று உயர்வதற்கு இடமுண்டு. சாதிப் பெயர் முற்றிலும் மறைந்துவிடும். அல்லது முன்னோர் எவரோ ஒரு குறுநில மன்னரின் படைத்தலைவராய் இருந்தார் என்னும் கதை புகுந்துவிடும். முடிவில்லாத வம்ச வரலாறுகளைக் குறித்துத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபம் ஏன் எச்சரித்தது என்பது இத்தகைய நூல்களைப் படிக்கையில் விளங்கும்.

இங்கு நாம் கடுமையாக மட்டும் பேசிவிடலாகாது. மறைப்பதற்குக் காரணம் பெருமை மட்டுமன்று, அச்சமும் ஆகும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய தகுதியை இந்துக்களுக்கே உரித்தாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்னும் புறத்தே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் திருச்சபை ஒழுக்கத்தில் நின்றவர் அத்தகுதியைக் கோர இயலாதென்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலே ஞானஸ்நானப் பதிவும் சான்றுகளுள் ஒன்றாயிற்று. ஆகவே சேகரக் குருவின் இரும்புப் பெட்டியிலுள்ள பதிவேடு வெறும் பழந்தாள் அன்று. ஒரு பேரனுக்கு அது பாட்டனைக் காட்டும் கண்ணாடி; இன்னொரு பேரனுக்கு அவன் வேலையைப் பறிக்கவல்ல ஆவணம். வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாய் இரு பெயர் தாங்கி வாழும் குடும்பங்களை நம் ஆயர்கள் அறிவார்கள். அவர்களுடைய வரலாற்றில் ஒரு தலைமுறை 'காணாமற் போய்விட்டது' என்றால், அதனைப் பொய்யென்று இகழாமல், யாரால் அப்படி ஆக்கப்பட்டதென்று கேட்பதே நேர்மை. எஸ்றாவின் நாட்களில் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமல் ஆசாரிய ஊழியத்திற்குப் புறம்பாக்கப்பட்டவர்களை நாம் நினைவுகூரலாம். அவர்களுக்கு அட்டவணை இல்லாமை இடறலாயிற்று. நம்மவர்க்கோ அது இருப்பதே இடறலாகிறது.

இதே மறைப்பு இன்னோரிடத்திலும் உண்டு. 1847ஐ அண்டி மதுரை மிஷன் சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சமபந்தி உணவை வற்புறுத்தியபோது, உபதேசிமாரும் சபையாரும் பலர் விலகினர். விலகியவர் யார், இருந்து உண்டவர் யார் என்பது ஒவ்வொரு பழைய சபையின் வரலாற்றிலும் முதன்மையான கேள்வியாய் இருக்க வேண்டும். நம் மலர்களில் இச்செய்தியே இல்லை. இருந்தாலும் எங்கோ வேற்றூரில் நடந்தது போன்று எழுதப்பட்டிருக்கும். சமபந்தியில் உண்டவர்களின் பேரன்மார் இன்று கல்லறைத் தோட்டத்தில் வரப்பு வைத்துப் பிரிந்துகொண்டிருக்கும் ஊர்களும் உள என்பதால், மௌனத்தின் காரணத்தை ஊகிப்பது அரிதன்று.

பஞ்சமும் அவ்வாறே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் போதும் அதனை அடுத்தும் தென் மாவட்டங்களில் திரளான மக்கள் திருச்சபைகளிற் சேர்ந்தனர். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்னும் ஏச்சுக்கு அஞ்சி, நம் எழுத்தாளர் அவ்வாண்டுகளை விரைவாகத் தாண்டிவிடுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. ஜான் வெப்ஸ்டர் 1992இல் வெளியிட்ட தலித் கிறிஸ்தவர் வரலாற்றில், திரள் இயக்கங்களைத் தொடங்கியவர்கள் மிஷனெரிகளல்லர், தாழ்த்தப்பட்ட மக்களே என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். பசித்த மனிதன் எங்கே போவது என்று தானே ஆய்ந்து தீர்மானித்தான் என்பதில் என்ன இழிவு இருக்கிறது? மோவாப் தேசத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்த ரூத்தும் கதிர் பொறுக்கத்தானே வயலுக்குப் போனாள்? அவள் பெயர் இயேசுவின் வம்ச வரலாற்றில் மத்தேயுவால் எழுதப்பட்டது. அந்தச் சுவிசேஷகன் நம் மலர்க் குழுவில் இருந்திருப்பானாயின் தாமாரையும் ராகாபையும் நீக்கிவிடும்படி அவனுக்குத் தீர்மானம் போட்டிருப்போம்.

மலர்களில் நாம் காணாத இன்னொன்று நீர். ஆலயமணி எந்த ஆண்டு வந்ததென்று ஒவ்வொரு மலரும் சொல்லும். பெரியாற்று நீர் எந்த ஆண்டு வந்ததென்று சொல்லும் மலரைக் காண்பது அரிது. 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை, மேற்கே பாய்ந்த ஆற்று நீரை மலையைக் குடைந்த வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பியது. வானம் பார்த்துக் கிடந்த மேலூர்ப் பகுதியின் நிலம் நெல் விளையும் பூமியாயிற்று. நிலத்தின் விலை, கூலியின் அளவு, ஆட்களின் தேவை யாவும் மாறின. அங்குள்ள சபையின் காணிக்கைக் கணக்கும் மாறியிருக்க வேண்டும். மாறாக, நீர் எட்டாத மண்டபசாலை, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியுமே விளைந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தனர். ஒரே மிஷன், ஒரே ஜெபப் புத்தகம், ஒரே கீர்த்தனைப் புத்தகம். ஆனால் ஒரு சபை நெற்குவியலின் மீதும் மற்றொன்று பருத்திப் பொதியின் மீதும் நின்றது. அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடப்பட்ட பொருள்களின் பட்டியல் இருக்குமாயின், சபையின் உண்மையான வரலாறு அதில் பாதி இருக்கும். பிடியரிசிக் கணக்கில் மீதியும் இருக்கும். அடுப்பில் உலை வைக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைத்த பெண்களின் பெயர், கட்டடக் குழுவினரின் நிழற்படத்துக்குக் கீழே எங்கும் அச்சாவதில்லை.

கீர்த்தனையைப் பற்றி ஒரு சொல். எட்வர்டு வெப் என்னும் மதுரை மிஷனெரி 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் அதன் வழியாய் இப்பக்கத்துச் சபைகளுக்கு வந்தன. ஆங்கில ஞானப்பாட்டுகளை மட்டும் பாடிக்கொண்டிராதபடி காத்தது அத்தொகுப்பு, அது பெருநன்மை. ஆயினும் கீர்த்தனையின் இராகமும் தாளமும் கோயிற் பண்பாட்டையும் அரண்மனைச் சபையையும் சார்ந்தவை. நாற்று நடும்போது பாடிய பாட்டு ஆலயத்திற்குள் வர மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மதுரை அரசரடியில் இறையியல் கற்பித்த ஜே. தியாபிலஸ் அப்பாவு கிராமிய இசையில் வழிபாட்டு முறைமை ஒன்றை அமைத்தபோது, சிற்றூர் மக்கள் அதனைத் தங்களுடையதென்று கண்டுகொண்டனர். படித்த சபையார் சிலர் முகஞ்சுளித்தனர். அவர் 2005இல் மறைந்தார். சோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசையியலார் அவர் பணியைக் குறித்து 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்பது என்னும் அப்பாவுவின் உருவகம் இங்கே நமக்கு முக்கியம். அதைவிட நேராக 1847இன் சமபந்தியைத் தொட்ட இறையியல் வேறில்லை எனலாம். முன்னோரைத் தேடும் குடும்பத்தார் பதிவேட்டை மட்டும் புரட்டாமல், பாட்டி அறிந்த தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்துகொள்வார்களாயின் தேதி கிடைக்காத இடத்தில் குரலாவது கிடைக்கும்.

பேராயர் லெஸ்லி நியூபிகின் 1951இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்குறிப்பும் குறிப்பிடத்தக்கது. மதுரை-இராமநாதபுரம் பேராயத்தின் முதற் பேராயராக அவர் சிற்றூர்ச் சபைகளுக்குச் சென்ற பயணங்கள் அதில் இடம்பெறுகின்றன. மிஷன் அறிக்கையின் கட்டங்களுக்குள் அடங்காத மனிதர் அந்நூலில் தென்படுகின்றனர். அதனால் அது சாண்ட்லரின் வரலாற்றைவிட நமக்கு நெருக்கமாயிருக்கிறது. ஆயினும் வந்து செல்பவரின் கண் அது. வந்து செல்லாதவரின் கண் எப்படியிருக்கும் என்பதைப் பாமாவின் 'கருக்கு' (1992) காட்டியது. அது கத்தோலிக்கச் சூழலில் எழுந்த நூல். ஆயினும் மேற்கு மலையடிவாரத்து ஊரொன்றில் பண்ணை வேலை செய்த பாட்டியரை, அவர்கள் பேசிய மொழியிலேயே, அவர்கள் வாங்கிய கூலியோடும் வசவோடும் எழுதியமையால், நம் மலர்களனைத்தும் சேர்ந்து செய்யாததை அது ஒன்றே செய்தது. நம் சீர்திருத்தச் சபைகளிலிருந்து மதுரை வட்டாரத்தில் அதற்கு இணையான ஒரு நூல் ஏன் எழவில்லை? மலர்க் குழுவினரின் செந்தமிழ் நடை ஒரு காரணமென்று நாம் கருதுகிறோம். 'அன்னாரது அருந்தொண்டு' என்று எழுதும் கைக்குக் கூலி என்ற சொல் வருவதில்லை. (இக்கட்டுரையின் நடையும் அக்குற்றத்திற்கு முற்றும் நீங்கலானதன்று என்று வாசகர் நகைக்கலாம்; நகைக்கட்டும்.)

இறையியலாளர் இதில் சொல்லத்தக்கது என்ன? உபாகமம் இருபத்தாறாம் அதிகாரத்தை நாம் அறுப்பின் பண்டிகையில் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். முதற்கனிகளைக் கூடையில் கொண்டுவந்த உழவன் ஆசாரியன் முன் நின்று தன் முன்னோரைப் பற்றி அறிக்கையிட வேண்டும். அவ்வறிக்கையில் என்ன இருக்கிறதென்று எத்தனை பேர் கவனித்தோம்? நாடற்று அலைந்த தகப்பன், அந்நிய தேசம், எகிப்தியர் சுமத்திய கடின வேலை, கூக்குரல். அதன் பின்னரே நிலமும் கனியும். விளைச்சலைக் கொண்டாடும் நாளில் அடிமைத்தனத்தை வாய்விட்டுச் சொல்வது இஸ்ரவேலின் வழிபாட்டு முறைமை. ஏ. பி. நிர்மல் 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் சூத்திர இறையியலைப் பற்றி உரையாற்றிப் புதுவழி திறந்தவர். பின்னர் தலித் இறையியலைக் குறித்து எழுதிய கட்டுரையில் இதே அறிக்கையை எடுத்துக்கொண்டார். அலைந்து திரிந்த அந்த அரமேயனுக்கு இருந்த உரிமைகூட நம் தலித் மூதாதைக்கு இருக்கவில்லை என்பது அவர் சுட்டிய வேறுபாடு. நாற்பதாண்டுகளாக நம் கல்லூரிகளில் அக்கட்டுரை கற்பிக்கப்படுகிறது. அதனைக் கற்றுத் தேறிய ஆயர்களே மலர்க் குழுவுக்குத் தலைமை தாங்குகின்றனர். தேர்வுத் தாளில் எழுதியதைத் தம் சேகரத்து மலரில் எழுத ஏன் கை கூசுகிறது என்பதை அவர்களே ஆராய்வார்களாக.

மாணவர் தங்கள் ஆய்வேட்டுக்குச் சபை வரலாற்றைத் தெரிந்தெடுப்பது பெருகியிருப்பதால் செய்முறை பற்றியும் சில கூறலாம். அமெரிக்க மிஷனின் மூல ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. அவற்றைத் தேடிப் போக இயலாதோர்க்கும் தம் சேகரத்திலேயே வேலை உண்டு. ஞானஸ்நானத் தேதிகளை மாதவாரியாக எண்ணிப் பாருங்கள். அறுவடைக்குப் பின் குவிகின்றனவா, பஞ்ச காலத்தில் குவிகின்றனவா என்பது தெரியவரும். பழைய பெயரும் புதிய பெயரும் சேர்த்தெழுதப்பட்ட இடங்களைத் தனியே குறியுங்கள். சாட்சிகளாகக் கையெழுத்திட்டோரையும் கைந்நாட்டு வைத்தோரையும் பிரித்துப் பாருங்கள். எந்தத் தலைமுறையில், முக்கியமாக எந்தப் பெண்ணில், கைந்நாட்டு கையெழுத்தாக மாறியதென்று கண்டுபிடிப்பது ஒரு பக்கம் புகழுரையைவிட மேலானது. வட்டாட்சியர் அலுவலகத்து நிலப் பதிவேட்டோடு சபைப் பதிவேட்டை ஒத்துப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருந்தது, கோயில் எவர் நிலத்தில் எழுந்தது என்பவை அப்போதுதான் விளங்கும். அச்சிடுமுன், உயிரோடிருப்போரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அவர்கள் இசைவின்றி வெளியிடலாகாது. மேலே சொன்ன தீர்ப்பை மறவாதீர்கள்.

இறுதியாக ஒரு வகைப் பதிவு உண்டு. அதனை மலர்கள் தொட்டதே இல்லை. ஊரைவிட்டுப் போகும் குடும்பத்துக்குப் போதகர் எழுதித் தந்த சபை மாற்றுக் கடிதம் அது. இலங்கையின் மலையகத்திற்குப் போனவர்களுட் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் திரும்பி வந்தவர்களில் சிலர் பாட்டன் விட்டுப்போன ஊரைத் தேடி வந்தபோது, அவ்வூரில் அவர்களை அறிந்தவர் எவருமில்லை; பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்தது. வேல்ஸ் நாட்டார் சிலர் 1865இல் மிமோசா என்னும் கப்பலேறித் தென்னமெரிக்காவின் பாட்டகோனியாவுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி நூல்கள் பல உண்டு, அவர்கள் வழிவந்தோர் ஆண்டுதோறும் விழாவும் எடுக்கின்றனர். இராமேசுவரத்துக் கரையிலிருந்து தோணியேறிப் போன நம்மவரைக் குறித்து, அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற சபையின் நூற்றாண்டு மலரில் ஒரு வரியேனும் இருக்கிறதா என்று அடுத்த மலர் கைக்கு வரும்போது புரட்டிப் பாருங்கள்.